துள்ளலான மெட்டில் பயங்கரமான வரிகள்: இப்படிப்பட்ட பாப் பாடலை எழுதுவது எப்படி?

சொந்தமாக மெட்டுப் போட்டுப் பார்க்கிறவர் என்று நினைத்துப் பதில் சொல்கிறேன்.

குஷியான மெட்டில் கொடூரமான வரியை ஒட்டினால் மட்டும் போதாது. கேட்பவருக்கு விஷயம் தாமதமாக உறைக்க வேண்டும்.

'தி போலீஸ்' குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' 1983இல் அமெரிக்காவில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. கல்யாண வரவேற்புகளில்கூட ஒலிக்கிறது. பாடுகிறவனோ, பிரிந்துபோனவளை விடாமல் கண்காணிக்கிறவன். அதன் முதல் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) கித்தாரில் 6ஆம் கம்பியில் 5ஆம் கட்டை (ஃப்ரெட்), 5ஆம் கம்பியில் 7, 4ஆம் கம்பியில் 9, 3ஆம் கம்பியில் 6: அதாவது சா, ப, ரி, க. அந்த ரி தான் உறுத்தல். கார்டுகள் ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, ஈ என்று போனபின் காது ஏ மேஜருக்குத் திரும்பக் காத்திருக்கும். முதல் சுற்றில் திரும்பாது. மறுபடி அந்த மைனரில், சோகச் சாயலுள்ள கார்டில், இறங்கும். 'உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்' என்கிற வரி சரியாக அங்கேதான் விழுகிறது. இணைய வகுப்புகளில் இதையே ரி இல்லாத சாதா கார்டுகளாகச் சொல்லித்தருகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. பாட்டின் உயிரே அதில்தான்.

'ஃபாஸ்டர் தி பீப்பிள்' குழுவின் 'பம்ப்டு அப் கிக்ஸ்' வேறு வழி. அப்பாவின் துப்பாக்கி கையில் கிடைத்த சிறுவனின் மனம்தான் கரு. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 128 தட்டு. நான்கே கார்டு சுற்றிச் சுற்றி வரும். சரணத்தில் குரலை டெலிபோன் பேச்சு மாதிரி நசுக்கியிருப்பார்கள், பல்லவியில் அது பளிச்சென்று திறக்கும். வாய் பல்லவியை முணுமுணுக்கும், கதை சரணத்தில் பதுங்கியிருக்கும். நீங்கள் செய்யும்போது சரணக் குரலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,400க்கு மேலும் உள்ள அதிர்வெண்களை வெட்டி, கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) சேருங்கள். அளவு மீறினால் சொல் புரியாது, கதை போய்விடும்.

வன்முறையை இனிப்பாக்குகிறது என்று சண்டைக்கு வருவார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு சில அமெரிக்க வானொலிகள் இந்தப் பாட்டை நிறுத்தின. துக்க நேரத்தில் அது நியாயம். ஆனால் பாட்டு அந்தச் சிறுவனை வீரனாக்கவில்லை, கவனித்துக் கேளுங்கள்.

பலர் சறுக்குவது பாடும்போதுதான். பயங்கரமான சொல் வந்ததும் குரலைக் கரகரப்பாக்குவார்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் தாளத்தை நிறுத்துவார்கள். இரண்டும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். 'பால் வாங்கி வா' என்கிற தொனியிலேயே பாடுங்கள்; மெட்டையும் அங்கே மாற்றாதீர்கள்.