அக்டோபர் குறைந்ததா, தீபாவளி நகர்ந்ததா?

கடைக் கணக்கும் கணினியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை, அச்சு முறுக்கு ஆகியவற்றை வீட்டிலேயே செய்து, சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் இரவுச் சந்தைக்கும் கொடுத்து வருகிறேன். மூன்று ஆண்டு விற்பனையை என் மகள் எக்செல்லில், மாதத்திற்கு ஒரு தாள் என்று பதிந்து வைத்திருக்கிறாள். 2024 அக்டோபரைவிட 2025 அக்டோபரில் விற்பனை வெகுவாகக் குறைந்திருக்கிறது. வரும் தீபாவளிக்கு உதவியாளர் இருவரில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். இந்தக் கணக்கை நம்பலாமா?
வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, அதற்குள் யாரையும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மகள் போட்ட கணக்கில் பிழை இருக்காது. ஆனால் பலகார வியாபாரத்தை மாதத்தால் அளப்பது சரிவராது. தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் தேதி வந்தது; 2024இல் அக்டோபர் 31; 2025இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தைய நான்கு வாரங்களே உங்கள் அடுப்பு ஓயாமல் எரியும் காலம் என்று கொள்வோம். 2024இல் அந்த 28 நாளும் அக்டோபர் 3 முதல் 30 வரை ஒரே மாதத்திற்குள் அடங்கிவிட்டன. 2025இலோ அவை செப்டம்பர் 22ஆம் தேதியே தொடங்கிவிட்டதால், முதல் ஒன்பது நாள் விற்பனை செப்டம்பர்த் தாளில் போய் உட்கார்ந்துகொண்டது; அக்டோபர் 20க்குப் பிறகு முறுக்கு வாங்க ஆள் ஏது? ஆகவே இரண்டு அக்டோபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, முழுப் பண்டிகைக் காலத்தையும் அதன் ஒரு பகுதியையும் ஒப்பிடுவதாகும். வரும் 2026இல் தீபாவளி நவம்பர் 8 என்பதால், இதே முறையில் பார்த்தால் அந்த அக்டோபரும் உங்களை ஏமாற்றும்.

செய்ய வேண்டியது இதுதான். மாதத் தாள்களையெல்லாம் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு வரிக்கு ஒரு விற்பனை. ஒருவரே முறுக்கும் ஓமப்பொடியும் வாங்கினால் இரண்டு வரி. தேதி, வாடிக்கையாளர் எண், பொருள், எத்தனை டின், தொகை, எங்கே விற்றது என்ற ஆறு பத்திகள் போதும். தாள் நிறைந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். எக்செல்லின் ஒரு தாள் 10,48,576 வரிகளைத் தாங்கும். இடையில் வெற்று வரி விடுவதும், மாதக் கடைசியில் மஞ்சள் வண்ணத்தில் கூட்டுத்தொகை எழுதுவதும் கண்ணுக்கு அழகாக இருந்தாலும், பிற்பாடு கணக்கைக் குழப்புவது அந்த மஞ்சள் வரிதான். அதை நீக்கிவிட்டு, கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தி, முழுவதையும் அட்டவணையாக மாற்றுங்கள்.

இனி ஏழாவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, அந்த ஆண்டின் தீபாவளித் தேதியிலிருந்து விற்பனைத் தேதியைக் கழியுங்கள். 2024 அக்டோபர் 21ஆம் தேதி விற்ற டின்னுக்கு 10 என்று விடை வரும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு விற்றது என்று பொருள். சில வேளைகளில் அந்தக் கட்டத்தில் 10 என்பதற்குப் பதிலாக 10/1/1900 என்று தோன்றும். பயப்பட வேண்டாம், எக்செல் 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து நாள்களை எண்ணுவதால், பத்தாம் எண்ணையும் தேதியாகக் காட்டிவிடுகிறது. கட்டத்தின் வடிவத்தை ‘ஜெனரல்’ என்று மாற்றினால் எண் வந்துவிடும். அதை ஏழால் வகுத்து, ‘இன்ட்’ சார்பால் பின்னத்தை நீக்கிவிட்டால், பண்டிகைக்கு எத்தனை முழு வாரம் இருந்தபோது விற்றது என்பது தெரியும். கடைசி ஏழு நாள் சுழியம் என்றும், அதற்கு முந்தைய வாரம் 1 என்றும் வரும்.

இதற்கு மேல், வரிகளைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிள் பார்த்துக்கொள்ளும். ‘இன்சர்ட்’ பட்டியில் அதைத் தேர்ந்து, பொருளை வரிசைக்கும், வார எண்ணையும் ஆண்டையும் பத்திக்கும், டின் எண்ணிக்கையை மதிப்புக்கும் இழுத்துப் போடுங்கள். கூட்டுத்தொகைக்குப் பதிலாக வெறும் எண்ணிக்கை வந்தால், அந்தப் பத்தியில் எங்கோ வெற்றுக் கட்டமோ, ‘12 டின்’ என்று எழுத்தோடு சேர்த்து அடித்த கட்டமோ இருக்கிறது. ரிங்கிட்டைக் குறிக்கும் ‘ரி.ம.’ என்பதைத் தொகைக்கு முன்னால் கையால் அடிப்பதும் இதே தொல்லையைத்தான் தரும். புதிய வரிகளைச் சேர்த்த பிறகு ‘ரிஃப்ரெஷ்’ கொடுக்காமல் பார்த்தால் பழைய கணக்கே நிற்கும். உதவியாளர் பற்றிய முடிவை இந்த அட்டவணையைப் பார்த்து எடுங்கள். விற்பனை மெய்யாகவே குறைந்திருந்தாலும், எந்த வாரத்தில், எந்தப் பலகாரத்தில் குறைந்தது என்பது அதில் தெரியும். ஒருவரை அடியோடு நிறுத்துவதற்குப் பதிலாக இரண்டு வாரம் தாமதமாக வரச்சொன்னாலே போதுமானதாக இருக்கலாம்.

கேள்வி: அப்பாவின் மளிகைக் கடையில் கடன் கணக்கு இன்னமும் 555 புத்தகம் என்ற சிறு குறிப்பேட்டில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களோ என் கைப்பேசியில் ‘மீன் அண்ணன்’, ‘லயத்து லெட்சுமி’ என்று கிடக்கின்றன. இவற்றைக் கணினியில் ஒழுங்குபடுத்துவது எப்படி? எல்லாரையும் ஒரே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சேர்க்கலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, ‘லயத்து லெட்சுமி’ என்பதிலேயே சிக்கல் முழுவதும் இருக்கிறது. அவரையே அப்பா ‘லட்சுமி’ என்றும், கடைப்பையன் ‘இலட்சுமி’ என்றும் எழுதினால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். அவருடைய கடனும் மூன்றாகப் பிரிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் நீங்களே ஓர் எண் கொடுங்கள். தொலைபேசி எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் இருவர் ஒரே எண்ணைக் கொடுப்பதும், சிம் அட்டையை மாற்றிவிடுவதும் நாம் காண்பதுதானே. வாடிக்கையாளர் தாள் ஒன்று, விற்பனைத் தாள் ஒன்று என்று இரண்டும் தனித்தனியே இருக்கட்டும். விற்பனைத் தாளில் எண்ணை அடித்ததும் பெயர் தானாக வர, பழைய எக்செல்லில் ‘விலுக்கப்’ சார்பும், 2021 பதிப்பிலும் 365இலும் ‘எக்ஸ்லுக்கப்’ சார்பும் உண்டு. 555 புத்தகத்தை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாங்கியவர் கண் முன்னே எழுதும் கணக்குக்கு ஒரு மரியாதை உண்டு. இரவில் கடையடைத்த பிறகு அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றினால் போதும்.

சம்பள நாள் என்று ஒரு பத்தியும் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்பதால், தோட்டத்து வாடிக்கையாளர்களுக்கு மாதத்தின் 7ஆம் தேதியை ஒட்டி நினைவூட்டுவது பொருத்தம்; 25ஆம் தேதி நினைவூட்டினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

குழு வேண்டாம். குழுவில் ஒருவருடைய எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும்; கடன் பேச்சு அங்கே தவறி விழுந்தால் ஊரே படிக்கும். புலனத்தின் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போய்ச் சேரும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். விளம்பரம் அனுப்ப முதலில் ஒப்புதல் கேட்டு, கேட்ட தேதியையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. விளம்பரத்தை நிறுத்துமாறு எழுத்து மூலம் கேட்கும் உரிமை அதன்படி வாடிக்கையாளருக்கு உண்டு.

பெயர்களை அகர வரிசைப்படுத்தும்போது கவனம் தேவை. பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால், பெயர்கள் இடம் மாறிவிடும், எண்களோ இருந்த இடத்திலேயே நிற்கும். எக்செல் எச்சரித்துக் கேட்ட கேள்விக்குப் படிக்காமல் பதில் சொல்லி, ஒருவரின் பாக்கியை இன்னொருவருக்கு அனுப்பி, மறுநாள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டவன் நான்.

கேள்வி: 012 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணை எக்செல்லில் அடித்தால் முன்னிருக்கும் சுழியம் மறைந்துவிடுகிறதே?
மற்றொரு வாசகர்

பதில்: எக்செல் அதைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாக நினைத்துக்கொள்கிறது. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியின் வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டின் கடைசி இரு இலக்கத்தில் தொடங்குவதால், 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண்ணுக்கும் இதே கதி நேரும். வங்கிக் கணக்கு எண்ணையும் எழுத்தாகவே வையுங்கள். 15 இலக்கத்திற்கு மேல் போனால், எஞ்சியவற்றை எக்செல் சுழியமாக்கிவிடும், பின்னர் வடிவத்தை மாற்றினாலும் அவை திரும்பி வரா.