கிங்ஸ்னேக் குட்டி புது இடத்தில் சாப்பிட மறுக்கிறதா?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். 12 வயது மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் பாம்புக்குட்டி வாங்கி 9 நாள் ஆகிறது. ஓரடி நீளம், பென்சில் தடிமன். 40 கேலன் கண்ணாடித் தொட்டியில் ஆஸ்பென் மரச் சீவல் போட்டு, ஒரு பக்கம் அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) ஒட்டி, நடுவில் பெரிய மரக் குகை ஒன்று வைத்திருக்கிறோம். 2ஆம் நாளும் 6ஆம் நாளும் எலிக்குஞ்சு வைத்தோம், தொடவில்லை. பகல் முழுக்கச் சீவலுக்குள் புதைந்து கிடக்கிறது. இரவில் மூக்கால் கண்ணாடியை முட்டி முட்டிச் சுற்றுகிறது. பழகட்டும் என்று தினமும் கையில் எடுக்கிறோம். வாலை நடுக்கி நாற்றம் அடிக்கிறது. நோயா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? வீட்டில் 4 வயது மகளும் இருக்கிறாள்.

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் நோய் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது. அதற்கான காரணங்களும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன: தினமும் கையில் எடுப்பது, ஒரே ஒரு பெரிய குகை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பற்றிப் பேச்சே இல்லாத ஹீட் மேட், வந்த மறுநாளே வைத்த இரை.

ஓரடிக் குட்டியின் எடை சில கிராம்தான். காட்டில் பருந்து, ஆந்தை, ஸ்கங்க், ரக்கூன் எல்லாவற்றுக்கும் அது இரை. பெரிய கிங்ஸ்னேக்கே அதைத் தின்னும். மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பறவையின் நகம்தான், உங்கள் மகனின் கையும் சேர்த்து. வாலைப் படபடவென்று நடுக்குவதும், வாலடியிலிருந்து நாற்றத் திரவத்தைப் பீய்ச்சுவதும் அதன் தற்காப்பு. தினமும் தூக்கினால் பழகிவிடும் என்பது நாய்க்குட்டிக்குச் சரி. பாம்புக்குட்டிக்கோ ஒவ்வொரு நாளும் ஒரு முறை சாவிலிருந்து தப்பியதாகத்தான் கணக்கு. அந்த நிலையில் அது இரையைத் தொடாது. இரையை விழுங்கிய பாம்பால் வேகமாக ஓட முடியாது என்பதால், பயம் இருக்கும்வரை வயிற்றை நிரப்பிக்கொள்ளவே துணியாது.

பகலில் புதைந்து கிடப்பது இந்த இனத்தின் இயல்பு. அதைத் தோண்டி எடுத்துப் பார்க்காதீர்கள். இரவில் கண்ணாடியை முட்டுவதுதான் கவனிக்க வேண்டியது. அது வெளியே வழி தேடுகிறது. தொடர்ந்து முட்டினால் மூக்கு நுனிச் செதில் தேய்ந்து புண்ணாகும்.

ஆகவே இன்று மாலையே தொட்டியைச் சரிசெய்யுங்கள். ஒரே மூச்சில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, பிறகு கை வைக்காமல் இருப்பதுதான் முக்கியம். நாளுக்கு ஒன்றாக மாற்றினால் குட்டிக்குத் தினமும் புது வீடு.

முதலில் பின்பக்கமும் இரு பக்கவாட்டுக் கண்ணாடிகளும் மறையும்படி வெளியே கெட்டிக் காகிதம் ஒட்டுங்கள். உள்ளே எங்கும் பசை டேப் கூடாது; செதிலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது தோலோடு வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவி மெல்லக் கழற்றுங்கள்.

குட்டிக்குப் பெரிய தொட்டி ஆகாது என்று சொல்வார்கள். இடம் பெரிதாக இருப்பதில் தவறில்லை, வெறிச்சென்று இருப்பதில்தான் தவறு. அந்தப் பெரிய குகையை எடுத்துவிடுங்கள். பாம்புக்கு ஒளிவிடம் என்றால் உடம்பு மூன்று பக்கமும் சுவரில் உரசுகிற அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கழுவிக் காயவைத்து, விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால் போதும்; கடையில் விற்கும் எந்தக் குகைக்கும் அது குறைந்ததல்ல. இரண்டு சிரட்டை வேண்டும், ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். ஒன்று மட்டும் இருந்தால் பாம்பு மறைவையும் தனக்கு வேண்டிய சூட்டையும் ஒருசேரப் பெற முடியாது. பெரும்பாலும் மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். தவறான சூட்டில் கிடந்து செரிமானம் கெடும். இரண்டு சிரட்டைக்கும் நடுவே கார்க் பட்டை, கசக்கிய காகிதம், டாய்லெட் பேப்பர் உருளைகள் என்று போட்டு நிரப்புங்கள். வெட்டவெளியில் தலைகாட்டாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வழி இருக்க வேண்டும்.

மூடிக்கு இரு பக்கமும் கிளிப் கட்டாயம். பென்சில் நுழையும் சந்தில் இந்தக் குட்டியும் நுழையும். வயர் வரும் துளையை மறந்துவிடாதீர்கள்.

இனி சூடு. ஹீட் மேட்டை நேரே பிளக்கில் சொருகியிருந்தால் இப்போதே கழற்றுங்கள். கட்டுப்பாடில்லாத மேட்டின் மேல் கண்ணாடி 110 டிகிரி ஃபாரன்ஹீட்டையும் தாண்டும். வயிற்றின் கீழிருந்து வரும் சூட்டைப் பாம்பு சரியாக உணர்ந்து விலகுவதில்லை, அப்படியே கிடந்து வெந்துபோகும். வயிற்றுச் செதில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அது தீக்காயம், மருத்துவரிடம் போக வேண்டும். தெர்மோஸ்டாட் வாங்கி, அதன் உணர்முனையைத் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் பொருத்துங்கள். உள்ளே போட்டால் பாம்பு அதை நகர்த்திவிடும், அல்லது தண்ணீர் கொட்டிவிடும்; குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மேட் எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே தனியாக ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் முனையைச் சூடான சிரட்டைக்கு அடியில், சீவலுக்கும் கீழே, கண்ணாடித் தரையிலேயே வையுங்கள். பாம்பு புதைந்து போய்ப் படுக்கும் இடம் அதுதான். அங்கே 85 முதல் 88 வரை, அதாவது ஏறத்தாழ 30 செல்சியஸ் காட்டும்வரை தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்குங்கள். எதிர்முனையில் 72 முதல் 78 இருக்கட்டும். சுவரில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியை நம்ப வேண்டாம், அது காட்டுவது சுவர்ப் பக்கக் காற்றின் சூட்டைத்தான்.

மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்கக் கூடாது. அதன் மேல் சீவல் ஓர் அங்குலம் போதும், குளிர்ந்த பக்கம் 3 அங்குலம் போடலாம். தொட்டியின் நாலு மூலையிலும் ரப்பர் கால் வைத்துத் தூக்குங்கள். காற்றுப் போக்கு இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். ஏசி காற்று நேரே படும் இடமும், வெயில் விழும் ஜன்னலோரமும், துவைக்கும் இயந்திரத்தின் அதிர்வு எட்டும் இடமும் வேண்டாம்.

குப்புறக் கவிழாத கனமான சிறு கிண்ணத்தில் தண்ணீர். இதோடு வேலை முடிந்தது. இனி முழுதாக 7 நாள், தண்ணீர் மாற்றுவதைத் தவிர மூடியைத் திறக்கக் கூடாது. மகனுக்கு இது கஷ்டமான வாரம்தான். அவனிடம் ஒரு நோட்டும், இரு முனைகளின் சூட்டை காலையும் மாலையும் குறிக்கும் வேலையும் கொடுங்கள். இருட்டிய பிறகு மங்கிய வெளிச்சத்தில் தூர நின்று பார்க்கலாம். சிரட்டை வாசலில் தலையை மட்டும் நீட்டி, நாக்கை நிதானமாக மேலும் கீழும் அசைத்துக் காற்றை மோந்தபடி ஒரே இடத்தில் நிற்கிறதா? அதுதான் இடம் பழகிவிட்டது என்பதன் அடையாளம். கண்ணாடி முட்டுவதும் குறைந்திருக்கும்.

இதற்கிடையில் விற்றவரிடம் கேளுங்கள்: இதுவரை எத்தனை முறை தின்றது, கடைசியாக எந்தத் தேதி, உறைய வைத்த குஞ்சா உயிருள்ளதா? ஒரு முறைகூட உறைய வைத்ததைத் தின்னாத குட்டி என்றால் உங்கள் வேலை இன்னும் கொஞ்சம் பொறுமை கேட்கும். ஆரோக்கியமான குட்டி சில வாரங்கள் சாப்பிடாமல் தாங்கும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு வாங்கி, முதல் வாரம் முடிந்ததும் ஒரு மூடி போட்ட கப்பில் வைத்து எடை பார்த்துக் குறியுங்கள். பிறகு வாரம் ஒரு முறை.

8ஆம் நாள் மாலை, இருட்டும் நேரத்தில் இரை கொடுங்கள். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ அந்தத் தடிமனுள்ள பிங்கி, அதாவது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு, ஒன்றே போதும். முந்தின இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்கி, கொடுக்கும் முன் ஜிப் பையில் போட்டுச் சுடுநீரில் 10 நிமிடம் வையுங்கள். தொட்டால் நம் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடத் தெரிய வேண்டும். மைக்ரோவேவ் ஒருபோதும் வேண்டாம். சூடு சீராகப் பரவாமல் ஓரிடம் பச்சையாகவும் ஓரிடம் வெந்தும் போய், வயிறு வெடிக்கும். காகிதத்தில் ஈரம் ஒற்றி, நீண்ட இடுக்கியால் தலைப்பக்கம் முன்னால் வரும்படி பிடித்து, சிரட்டை வாசலுக்குப் பக்கவாட்டிலிருந்து மெல்ல நீட்டுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டினால் பயந்து பின்வாங்கும். வாங்கவில்லை என்றால் வாசலருகே ஒரு சிறு தட்டில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் போய்விடுங்கள். காலையில் அப்படியே இருந்தால் எடுத்து எறிந்துவிட்டு 5 நாள் இடைவெளி. தினமும் நீட்டிக்கொண்டே இருப்பதால்தான் பல குட்டிகள் இரையைக் கண்டே மிரளுகின்றன.

இரண்டாம் முறையும் மறுத்தால், காற்றுத் துளையிட்ட சிறு டப்பாவுக்குள் குட்டியையும் சூடான பிங்கியையும் சேர்த்து வைத்து, மூடி, டப்பாவைத் தொட்டியின் நடுப்பகுதியில், மேட்டுக்கு மேல் வராதபடி, இரவு முழுக்க விடுங்கள். நெருக்கமான இருட்டில் பல குட்டிகள் தின்றுவிடும். அதுவும் நடக்காவிட்டால் வாசனைதான் வழி. காட்டில் இந்தக் குட்டிகளின் முதல் இரை பெரும்பாலும் பல்லி இனங்கள். வளர்ப்பு ஓணான் வைத்திருப்பவரிடம் உரித்த சட்டையின் ஒரு துண்டு வாங்கி, ஈரப்படுத்தி, பிங்கியின் மூக்கில் ஒட்டிக் கொடுங்கள். தோட்டத்துப் பல்லியைப் பிடித்துப் போடாதீர்கள், ஒட்டுண்ணி கூடவே வரும்.

கண் பால் கலந்தாற்போல் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அப்போது சாப்பிடாதது இயல்பு. உரித்து முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் முயன்றால் ஆர்வமாக வாங்கும்.

தின்ற பிறகு 48 மணி நேரம் தொட்டியை அசைக்கவே கூடாது. அதற்குள் தூக்கினாலோ, சூடு குறைந்தாலோ, இரை பெரிதாக இருந்தாலோ கக்கிவிடும். கக்கினால் உடனே மறுபடி கொடுப்பதுதான் பெரிய தவறு, ஏனென்றால் அமிலம் பட்டு உணவுக்குழாய் ரணமாகியிருக்கும். குறைந்தது 10 நாள் விட்டு, பாதி அளவு இரை. இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்தான்.

எடை முதல் அளவிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், மூக்கில் நுரை தெரிந்தாலும், தண்ணீர்க் கிண்ணத்தில் கசகசா அளவு கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலும் காத்திருக்காதீர்கள். அந்தப் புள்ளிகள் பாம்பின் ரத்தம் குடிக்கும் உண்ணிகள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரை இப்போதே தேடி எண்ணை எழுதி வையுங்கள்; நாய் பூனை பார்க்கும் எல்லாரும் பாம்பு பார்ப்பதில்லை.

தொடர்ந்து மூன்று முறை தானாகத் தின்று முடித்த பிறகுதான் கையில் எடுக்கலாம், அதுவும் 5 நிமிடம், வாரம் இரண்டு முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பாம்பையே தின்னும் பாம்பு என்பதால்தான் இதற்குக் 'கிங்' பட்டம். விஷம் இல்லை, ஆனால் பசி அதிகம். எலி வாசனை அடிக்கும் விரலைக் கவ்வி மென்றுகொண்டே இருக்கும். அதே காரணத்தால் இந்தத் தொட்டிக்குள் இரண்டாவது பாம்பு என்ற யோசனை வரவே கூடாது. மேலிருந்து அள்ளாமல், பக்கவாட்டிலிருந்து உடம்பின் நடுவில் கைகொடுத்துத் தாங்குங்கள்.

மகள் பார்க்கலாம், தொட வேண்டாம். ஆரோக்கியமான பாம்பின் தோலிலும் மலத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது. பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்; அதற்கென்று தனி வாளியும் தனி பிரஷும் வைத்துக்கொள்ளுங்கள்.