அமிலம் உலோகத்தைத் தொட்டால்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

இந்தக் கிழமை அமிலங்களும் உலோகங்களும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வயல் செய்பவர்கள், வீட்டுக்காரர் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் முக்கால்வாசிக்கு விடை ஒரே இடத்தில் இருக்கிறது. உலோகத்தின் மேல் ஏற்கெனவே என்ன படலம் இருக்கிறது, அமிலம் அதைக் கரைக்குமா, கரைத்த பிறகு புதிதாக என்ன படியும் என்பதைப் பார்த்தாலே போதும்.

விசுவமடு, சாதாரண தர மாணவி: சேர், தாக்கவீதத் தொடரில் அலுமினியம் நாகத்துக்கு (சிங்க்) மேலே இருக்கிறது. ஆனால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டபோது நாகம் உடனே குமிழி விட்டது, அலுமினியம் சும்மா கிடந்தது. தொடர் பிழையா?

உலோகங்களை அவற்றின் தாக்குதிறன்படி மேலிருந்து கீழாக அடுக்கிய அந்தத் தொடர் சரி தங்கச்சி. நீங்கள் கண்டதும் சரி. அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே ஒட்சிசனோடு சேர்ந்து தன் மேல் ஒரு ஒட்சைட்டுப் படலத்தைப் போட்டுக்கொள்கிறது. அதன் தடிப்பு சில நனோமீற்றர்தான், ஆனால் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். அமிலம் முதலில் சந்திப்பது உலோகத்தை அல்ல, இந்த ஒட்சைட்டை. ஒட்சைட்டும் அமிலமும் தாக்கமுற்றால் உப்பும் நீரும் வரும், வாயு வராது. அதாவது அலுமினியம் சும்மா கிடந்த அந்த நேரத்திலும் தாக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. குமிழி இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை குழாயை அவசரப்பட்டுக் கழுவாமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். முதலில் தகட்டின் வெட்டிய ஓரங்களில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரும். பிறகு தகடு முழுவதும் வரும். குழாயை வெளிப்புறமாகத் தொட்டால் சூடு தெரியும். அந்தச் சூடு தாக்கத்தை இன்னும் வேகமாக்கும். கடைசியில் தகடு ஓட்டை ஓட்டையாகி மேலே மிதந்து வரும். அந்தக் கட்டத்தில் அலுமினியம் நாகத்தை விட வேகமாகப் போவதைக் காணலாம். அரத்தாளால் தேய்த்துப் போட்டால் காத்திருக்கும் நேரம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. தேய்த்த இடத்திலும் படலம் கணத்தில் திரும்ப வந்துவிடும்.

மாங்குளம், விஞ்ஞான ஆசிரியை: எங்களிடம் உள்ள நாகத் துண்டுகள் ஐதான சல்பூரிக் அமிலத்தில் மிக மெதுவாகத் தாக்குகின்றன. ஒரு பாடவேளைக்குள் ஐதரசன் சேர்க்க முடியவில்லை.

அந்த அமிலத்துக்குள் செப்புச் சல்பேற்றுக் கரைசலைச் சில துளிகள் விடுங்கள் ரீச்சர். நாகம் தூய்மையாக இருந்தால் இப்படித்தான் சோம்பும். செப்புச் சல்பேற்று விட்டதும் நாகத்தின் மேல் கறுத்த திட்டுகளாகச் செம்பு படியும். நாகம் இலத்திரனைக் கொடுக்கும், ஐதரசன் அயன்கள் அதைச் செம்பின் மேல் வைத்து வாங்கி வாயுவாகும். அந்தக் கறுத்த திட்டுகளிலிருந்துதான் குமிழி அதிகம் எழும். பிள்ளைகளைக் கிட்ட வந்து பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. கை தாராளமாகிச் செப்புச் சல்பேற்றைக் கூட விட்டால் செம்பு முழு நாகத்தையும் மூடி, வேகம் திரும்பவும் குறைந்துவிடும்.

1766இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கவென்டிஷ் உலோகங்களை அமிலத்தில் இட்டு வந்த வாயுவைச் சேர்த்துத்தான் ஐதரசனைத் தனி வாயு என்று காட்டினார். நாகமும் இரும்பும் அவர் எடுத்த உலோகங்களில் இருந்தன. இதைச் சொல்லிவிட்டுப் பரிசோதனையைத் தொடங்கினால் பிள்ளைகள் வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

முழங்காவில், உயர்தர மாணவன்: முருங்கன் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் துண்டில் ஐதான சல்பூரிக் அமிலம் விட்டேன். நுரைத்தது, சட்டென்று நின்றுவிட்டது. ஐதரோகுளோரிக் அமிலத்தில் கல் முழுவதும் கரைந்தது. இரண்டும் வன்னமிலம்தானே?

வன்னமிலம்தான் தம்பி. வித்தியாசம் அமிலத்தின் பலத்தில் இல்லை, உண்டாகும் உப்பில் இருக்கிறது. கல்சியங் குளோரைட்டு அறை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் 700 கிராமுக்கு மேல் கரையும். கல்சியஞ் சல்பேற்றோ ஏறத்தாழ 2 கிராம்தான். அதனால் சல்பூரிக் அமிலம் பட்ட இடத்திலேயே கல்சியஞ் சல்பேற்று படிந்து கல்லை மூடிவிடும். உள்ளே கல்லின் கல்சியங் காபனேற்று இருக்கிறது, வெளியே அமிலம் இருக்கிறது, இரண்டும் சந்திக்க வழி இல்லை. அதே கல்லை இடித்துத் தூளாக்கிப் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு கூடியதால் நெடுநேரம் நுரைக்கும். நுரையாக வரும் காபனீரொட்சைட்டைத் தயாரிக்கச் சல்பூரிக் அமிலம் ஏன் பொருத்தமில்லை என்று கேட்டால், “கரையாத படலம்” என்ற காரணம் உங்கள் விடையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான், விவசாயி: உழவு இயந்திரத்துப் பற்றரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிறது. தண்ணி குறைந்தால் அசிட் விடலாமா? பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுத்து விற்கலாமா?

முன் கேள்வியின் பதில் இங்கேயும் பொருந்தும் அண்ணை. ஈயம் தாக்கவீதத் தொடரில் ஐதரசனுக்கு மேலே இருந்தும் பற்றரியின் சல்பூரிக் அமிலத்தில் வருடக்கணக்காகக் கரையாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் அதன் மேல் படியும் கரையாத ஈயச் சல்பேற்று. முனையில் கசியும் அமிலம் இணைப்பில் உள்ள செம்பைக் காற்றின் உதவியோடு அரிப்பதால்தான் பச்சை வருகிறது. வயரைக் கழற்றிவிட்டு அப்பச்சோடாக் கரைசலை ஊற்றுங்கள். நுரை நின்றதும் கழுவித் துடைத்து, கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள். சோடா பற்றரிக்குள் போகாமல் மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள்.

குறைவது தண்ணீர்தான், அமிலம் குறைவதில்லை. ஆகவே காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது ஐதரசன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அறையைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்க வேண்டாம்.

உடைக்கவே வேண்டாம். ஈயத் தூள் கையிலும் உடுப்பிலும் வீட்டுக்கு வரும், முற்றத்து மண்ணில் தங்கும், மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பிறகு சரிப்படுத்தவும் முடியாது. பற்றரியை முழுதாகவே விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

வவுனியா, குடும்பத் தலைவி: குழாய்க் கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறது. தேசிக்காய் போடலாமா, வினாகிரியா?

இரண்டும் சரி அக்கா. அந்தப் பொருக்கில் பெரும்பகுதி கல்சியங் காபனேற்று. வினாகிரியைத் தண்ணீரோடு சம அளவில் கலந்து, இளஞ்சூட்டில் அரை மணி நேரம் விட்டால் பொருக்கு நெகிழ்ந்து கழன்றுவிடும். தேசிப்புளி விட்டால் கொதிக்க வைக்க வேண்டாம். கல்சியஞ் சித்திரேற்று சூட்டில் கரைதிறன் குறைந்து, திரும்ப வெள்ளையாகப் படியும். அலுமினியக் கேத்தில் என்றால் இரவு முழுக்க ஊறவிடாதீர்கள்.

நெடுங்கேணி: ஐதான அமிலத்தோடு செம்பு தாக்காது என்று மகள் படிக்கிறாள். அப்படியானால் பித்தளைச் சட்டியில் புளிக்கறி வைக்கக் கூடாது என்று அம்மம்மா ஏன் சொல்கிறா?

இரண்டு பேருமே சரி. செம்பு அமிலத்திலிருந்து ஐதரசனை வெளியேற்றாது. ஆனால் காற்று செம்பை ஒட்சைட்டாக்கும், புளியில் உள்ள தாத்தாரிக் அமிலம் அந்த ஒட்சைட்டைக் கரைக்கும், திரும்பவும் காற்று, திரும்பவும் அமிலம். இப்படியே மெல்ல மெல்லச் செம்பு கறிக்குள் போகும், குமட்டலும் வாந்தியும் வரும். வெள்ளீயம் பூசிய பாத்திரம் என்றால் பரவாயில்லை, பூச்சு தேயாமல் இருக்க வேண்டும். புளி போட்டுக் குடம் விளக்கும்போது களிம்பு போய்ப் பளிச்சென்று வருவதும் இதே வேலைதான். விளக்கிய உடனே நன்றாகக் கழுவித் துடையுங்கள், புளி தங்கினால் அடுத்த நாளே மங்கிவிடும்.

கிளிநொச்சி: அடகுக் கடையில் நகையைக் கறுப்புக் கல்லில் உரசி ஒரு துளி விட்டுப் பார்க்கிறார்களே, நகை கரைந்து போகாதா?

துளி விழுவது கல்லில் உள்ள கோட்டின் மேல், நகையின் மேல் அல்ல. அந்தக் கோட்டில் இருக்கும் பொன் மிகச் சிறிது. துளி பெரும்பாலும் நைத்திரிக் அமிலம். பித்தளையின் கோடு என்றால் கண் முன்னாலேயே மறைந்துவிடும். 22 கரட்டின் கோடு அப்படியே மஞ்சளாக நிற்கும், அதில் 91.6 சதவீதம் தங்கம். கரட் குறையக் குறையக் கோடு மங்கும்.

ஐதரோகுளோரிக் அமிலத்தில் அசையாத செம்பு நைத்திரிக் அமிலத்தில் கரைகிறதே என்று கேட்கலாம். அங்கே இலத்திரனை வாங்குவது ஐதரசன் அயன் அல்ல, நைத்திரேற்று. அதனால்தான் ஐதரசனுக்குப் பதிலாக நைதரசனின் ஒட்சைட்டுகள் வருகின்றன. செறிந்த அமிலத்தில் எழும் கபில நிறப் புகை நைதரசனீரொட்சைட்டு. சுவாசித்த உடனே பெரிதாகத் தெரியாமல், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

தங்கத்தைக் கரைக்க நைத்திரிக் அமிலம் ஒரு பங்கும் ஐதரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்த இராசதிராவகம் வேண்டும். 1940இல் ஜேர்மன் படை கொப்பன்ஹேகனுக்குள் வந்தபோது, பௌதிகவியலாளர்கள் மக்ஸ் வொன் லாவே, ஜேம்ஸ் பிராங்க் இருவருடைய நோபல் பதக்கங்களையும் அந்தப் படையின் கையில் சிக்காதபடி இரசாயனவியலாளர் ஜோர்ஜ் டி ஹெவசி இதில்தான் கரைத்து, போத்தலை ஆய்வுகூடத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். போருக்குப் பிறகு போத்தல் அங்கேயே இருந்தது. கரைந்த தங்கத்தைத் திரும்பப் பிரித்தெடுத்து, பதக்கங்களைப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். கரைவதும் அழிவதும் ஒன்றல்ல என்று வகுப்பில் விளங்கப்படுத்த எனக்குத் தெரிந்த மிக நல்ல கதை இது.

முள்ளியவளை: கழிவறை மாபிளைக் கழுவ அசிட்டோடு, கிணற்றுக்குப் போட்டு மிஞ்சிய குளோரின் தூளையும் சேர்த்தால் இன்னும் வெளுக்குமா?

செய்யவே கூடாது. அந்தத் தூளில் இருப்பது கல்சியம் ஐப்போகுளோரைட்டு. அமிலம் பட்டதும் குளோரின் வாயு எழும். கதவு மூடிய சின்ன அறையில் உயிருக்கே ஆபத்து. தவறிக் கலந்துவிட்டால் எதையும் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே, காற்று வரும் பக்கமாகப் போங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான்.

கொக்கிளாய், தரம் 9 மாணவன்: கடற்கரைக் கறுப்பு மணலில் வினாகிரி விட்டேன். அங்கங்கே நுரைத்தது. இது என்ன உலோகம்?

நுரைத்தது மணலில் கலந்த சிப்பித் துகள்கள் தம்பி, அவை கல்சியங் காபனேற்று. கறுப்பு மணிகளில் நிறைய இருப்பது இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு அது. பக்கத்தில் புல்மோட்டையில் அகழ்ந்தெடுப்பதும் இதைத்தான். வினாகிரிக்கு அது அசையாது. தொழிற்சாலையில் சூடான செறிந்த சல்பூரிக் அமிலத்தில் அதைக் கரைத்து, இரும்பைச் சல்பேற்றாகப் பிரித்துவிட்டு, தைத்தேனியமீரொட்சைட்டை எடுப்பார்கள். சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்றின் வெண்மை அதிலிருந்துதான்.

துணுக்காய், ஆசிரியர்: பரிசோதனை முடிந்து மிஞ்சிய அமிலத்தை எங்கே ஊற்றுவது? பள்ளிக்கூடக் கிணறு பக்கத்தில்தான்.

பிளாஸ்ரிக் வாளியில் நிறையத் தண்ணீர் எடுத்து, அமிலத்தை அதற்குள் மெல்ல விடுங்கள். அமிலத்துக்குள் தண்ணீரை விட வேண்டாம். தகர வாளி, அலுமினியச் சட்டி கூடாது. பிறகு நீற்றின சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பாசிச்சாயத்தாளால் பார்த்து நடுநிலையாக்குங்கள். செப்புக் கரைசல் கலந்திருந்தால் நீல மண்டி அடையும். தெளிந்த நீரைக் கிணற்றுக்குத் தூரத்தில் ஊற்றலாம். மண்டியைக் காயவைத்து, ஒரு போத்தலில் போட்டுப் பெயர் எழுதி ஆய்வுகூடத்திலேயே வைத்திருங்கள்.