அந்த எண்ணை இப்போது யார் எடுக்கிறார்கள்?

கேள்வி: பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் புற்றுநோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் துணைநின்ற எங்கள் நண்பர் சென்ற மாதம் மாரடைப்பால் காலமானார். தொண்ணூறடிச் சாலையில் பெரிய ஃப்ளெக்ஸ், புகைப்படங்களுடன் ஒரு நினைவு மலர், ஆண்டுதோறும் அவர் பெயரில் விருது ஆகியவற்றுக்காக 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். அந்தத் தன்னலமற்ற மனிதரின் மலருக்குப் பொருத்தமான தலைப்பொன்று தருவீர்களா?
— நண்பர்கள் பதினொருவர், தாராவி, மும்பை

பதில்: தலைப்பு இருக்கட்டும். அவருடைய செல்பேசி இப்போது யாரிடம் இருக்கிறது?

எந்த விளம்பரத்திலும் வராமல், சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் அடுத்தவருக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தே தென்மாவட்டங்களில் பரவிய எண் அது. இந்தியும் மராத்தியும் அறியாத ஒரு குடும்பம், ஒன்றரை நாள் ரயிலில் வந்து, ஸ்கேன் படங்கள் நிறைந்த மஞ்சள் பையுடன் தாதரில் இறங்கியதும் முதலில் அழைப்பது அதைத்தான். என் உறவினர் ஒருவருக்காக நானும் அழைத்திருக்கிறேன். இந்தப் பதிலில் சற்று எரிச்சல் தெரிந்தால் அதுவே காரணம்.

விடியற்காலையில் வரிசையில் நின்று கோப்பு எண் வாங்கித் தந்தார். பொதுப் பிரிவுக்கும் தனியார் பிரிவுக்கும் செலவில் உள்ள வேறுபாட்டை விளக்கினார்; தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையில் இடம் கேட்டுப் பார்த்தார். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும், துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடும் தள்ளுபடி உண்டு என்பதே எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். டாக்டர் கெட்ட செய்தி சொன்னால் அதை அங்கேயே மொழிபெயர்க்க மாட்டார். வெளியே அழைத்து வந்து, ஆளுக்கொரு கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரு சொல்லையும் மறைக்காமல் சொல்வார்.

இந்த மனிதருக்கு ஃப்ளெக்ஸா? சாலையோரம் தம் முகம் சிரித்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்திருந்தால், அந்தச் செலவில் எத்தனை பேருக்கு ஊர் திரும்ப டிக்கெட் எடுக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்.

'தன்னலமற்ற' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான் என்றாலும், அவர் ஒருவரே ஓடியதால் மற்றவர்கள் ஓட வேண்டியிருக்கவில்லை என்ற வசதியும் அந்தப் புகழ்ச்சிக்குள் இருக்கிறது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கான விலையில் பாதியைக் கொடுத்தவர் அவர் மனைவி. தீபாவளியன்றும் ரத்ததானத்துக்கு ஆள் தேடிப் போன கணவரைப் பற்றி அவரிடம் கேட்டால், உங்கள் மலரில் அச்சிட இயலாத சில செய்திகளும் கிடைக்கலாம். எனவே பணத்தை முதலில் அவரிடம் கொண்டுபோங்கள். அவர் கணவர் பிறருக்காக எந்த மருந்துக் கடையில், எந்தச் சாயாக் கடையில் கடன் சொல்லி வைத்திருந்தார் என்று கேட்டு, அந்தக் கடன்களைத் தீர்த்துவிடுங்கள். விருதை விட்டுவிடுங்கள், மேடையும் சால்வையும் மும்பைத் தமிழர்களுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை.

பிறகு அந்த எண். பிரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள்கள் பயன்படுத்தாமலும், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமலும் விட்டுவிட்டால், நிறுவனம் இணைப்பைத் துண்டித்து எண்ணை வேறொருவருக்கு அளித்துவிடலாம். அவர் மறைந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மனைவி சம்மதித்தால் எண்ணை முறைப்படி அவர் பெயருக்கே மாற்றிவிட்டு, உங்களில் நாளுக்கு ஒருவர் அந்தச் செல்பேசியை வைத்திருக்கலாம். ரத்தத் தட்டணுக்களை 5 நாள்களுக்கு மேல் சேமிக்க முடியாது என்பதால், புற்றுநோய் வார்டில் கொடையாளருக்கான தேவை ஒருமுறையோடு தீர்வதில்லை. உடல்நலமுள்ள ஆண் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் பெண் 4 மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். கடிதத்தில் கையெழுத்திட்டிருப்பவர்கள் பதினொரு பேர்.

மலருக்கான தலைப்பை அடுத்த ஆண்டு கேளுங்கள். அதற்குள் ஏதாவது ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நான் அந்த எண்ணை அழைத்துப் பார்ப்பேன்.