கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் விழுகிறது: கோளாறு லென்ஸிலா, கேமராவிலா?

கேள்வி: என் டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு ஏற்கெனவே பயன்படுத்திய 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் கண் மங்குகிறது, காது தெளிவாக விழுகிறது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்கிறார் விற்றவர். தந்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 18-55 சரியாக இருப்பதால் கேமராவில் குறையில்லை என்று ஆகிவிடாது. எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் 50 மிமீ எஃப்/1.8-இல் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செமீதான். அதே தூரத்தில் 55 மிமீ எஃப்/5.6-இல் ஏறக்குறைய 16 செமீ. 4 செமீ பிசகு அங்கே தெரியாமல் போகும், இங்கே கண்ணைக் கெடுத்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் சோதியுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சில கேமராக்களின் ஃபோகஸே சற்று நகரும். யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றுங்கள். கேமராவை டிரைபாடில் பொருத்தி, 2 மீட்டர் தள்ளி, பெரிய எழுத்துள்ள அட்டை ஒன்றை லென்ஸுக்கு நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து, அதன் நடுக்கோடு அட்டையின் தளத்தில் வருமாறு வையுங்கள். எஃப்/1.8, நடு ஃபோகஸ் புள்ளி மட்டும், ஒருமுறை பூட்டும் ஃபோகஸ் முறை, 2 விநாடி டைமர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய இடத்திலேயே நின்றுவிடும். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக 8 படம், பிறகு லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) 8 படம்.

வியூஃபைண்டரில் ஃபோகஸை அளப்பது கேமராவுக்குள் ஒளியைத் திருப்பும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி சென்சார். லைவ் வியூவில் படம் விழும் சென்சாரே அளக்கிறது. லைவ் வியூ படங்கள் துல்லியமாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே அளவு பின்னால் விழுந்தால் லென்ஸின் கண்ணாடிகள் நன்றாகவே இருக்கின்றன. இந்த லென்ஸும் இந்தக் கேமராவும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால் -5 வைத்து மறுபடி எடுங்கள். கழித்தல் பக்கம் போகப் போக ஃபோகஸ் கேமராவை நோக்கி முன்னே வரும். பல மாடல்களில் எல்லை ±20. அந்த எல்லையிலும் தீராவிட்டால் லென்ஸை வைத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கநிலை கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிடையாது. சர்வீஸில்தான் சரிசெய்ய வேண்டும், அதற்குக் கேமராவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஒரு படம் முன்னால், அடுத்தது பின்னால், அதற்கடுத்தது சரி என்று சிதறினால் எந்தத் திருத்தமும் உதவாது. லென்ஸின் உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து ஒருமுறை பாருங்கள். பிறகும் சிதறினால் மோட்டாரோ உள் அமைப்போ தேய்ந்திருக்கலாம்: திருப்பிக் கொடுங்கள். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்தும் எழுத்து கூர்மையாகவில்லை என்றாலும் அப்படியே. ஆனால் எஃப்/1.8-இல் எழுத்தைச் சுற்றி மெல்லிய புகைபோலத் தெரிவது இந்த வகை லென்ஸின் இயல்பு, எஃப்/2.8-க்குப் போனால் பெரும்பாலும் அடங்கும். அதைக் கோளாறு என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: நடுவில் தெளிவு, வலது ஓரம் மட்டும் மங்கல். இதுவும் ஃபோகஸ் கோளாறா?

பதில்: இல்லை, உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கலாம். தொலைவில் உள்ள கட்டட வரிசையை எஃப்/2.8-இல் எடுங்கள், பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதையே எடுங்கள். இரண்டாவது படத்தைக் கணினியில் திருப்பாமல் பாருங்கள். அதிலும் வலது ஓரமே மங்கினால் குறை லென்ஸில்தான். மங்கல் இடப்பக்கம் மாறியிருந்தால், அந்தப் பகுதிக் கட்டடங்கள் வேறு தூரத்தில் இருந்திருக்கும். இப்படிக் கண்ணாடி மையம் விலகியிருப்பது, பழைய லென்ஸ் விழுந்து அடிபட்டதற்கு அடிக்கடி காணும் அடையாளம். முன்புற ஃபில்டர் வளையத்தில் நசுங்கல் இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.