பீலஃபெல்டில் சமூகவியல்: மதுரைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மதுரையில் பி.ஏ. சமூகவியல் முடித்து, ஜெர்மன் மொழியில் சி1 நிலைத் தேர்வும் தாண்டி, ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். ஊரில் வகுப்புக்கு 22 பேர், அங்கே பல்கலை முழுக்க ஏறக்குறைய 25,000 பேர், என்னை யார் கவனிப்பார்கள், எப்படிப் படிப்பது, படித்தால் வேலை உண்டா என்று கேட்கிறீர்கள். 14 வருடத்துக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து இதே படிப்புக்கு வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்டர்னல் மார்க் இல்லை, எச்.ஓ.டி. கூப்பிட்டு விசாரிப்பது இல்லை. பல செமினார்களில் அட்டெண்டன்ஸ்கூட எடுப்பதில்லை. இது அலட்சியம் இல்லை. வளர்ந்த ஆளை அவர் போக்கில் விடுவதுதான் மரியாதை என்று இங்கே நினைக்கிறார்கள். நமக்கு அது பழக ஒரு வருடம் ஆகும். அதற்குள் இரண்டு செமஸ்டர் போய்விடும் என்பதுதான் சிக்கல்.

அதனால் முதல் வாரமே ‘ஷ்பிரெக்ஷ்டுண்ட’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம் அது. பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான், முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். பாடத்தில் சந்தேகம் கேட்கப் போகிற இடம் என்று நினைத்து நான் முதல் செமஸ்டர் முழுக்கப் போகவே இல்லை, சந்தேகம் இருப்பதைக் காட்டிக்கொள்ள வெட்கம். உண்மையில் அது நீங்கள் எழுதப்போகும் கட்டுரையைப் பேசி முடிவு செய்கிற இடம்.

கட்டுரை என்றால் ‘ஹவுஸ்ஆர்பைட்’. மதிப்பெண்ணின் பெரும்பகுதி அதில்தான். செமஸ்டர் விடுமுறையில் உட்கார்ந்து, 15, 20 பக்கம் நீங்களே எழுத வேண்டும். (விடுமுறை என்ற சொல்லை நம்பி அந்த மாதங்களுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.) என் முதல் கட்டுரையை நம் ஊர்ப் பரீட்சை மாதிரியே எழுதினேன். மார்க்ஸ் இப்படிச் சொன்னார், வேபர் அப்படிச் சொன்னார், துர்கைம் வேறு மாதிரிச் சொன்னார், முடிவுரை. 3.7 வந்தது. இங்கே 1.0 தான் உச்சம், 4.0-க்கு அப்புறம் ஃபெயில். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரே ஒரு வரி: ‘உங்கள் கேள்வி எங்கே?’ எனக்குக் கோபம்தான் வந்தது. கேள்வி கேட்க வேண்டியவர் வாத்தியார், நான் ஏன் கேட்க வேண்டும்?

அந்தக் கேள்வி வகுப்பில் கிடைக்கவில்லை. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலில் கிடைத்தது. பீலஃபெல்டிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஹாம் வந்துவிடும். அங்கிருந்து ஊன்ட்ரோப் என்கிற பகுதிக்குப் போக வேண்டும். தொழிற்பேட்டை நடுவே, ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய கோபுரம் நிற்கிறது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான் போனது சாம்பார் சாதத்துக்காக, பொய் சொல்லவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, “தம்பி, ஊரில எவடம்?” என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். “ஓ, இந்தியாவே,” என்று அவர் முகம் தளர்ந்து, பேச்சு சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டது. பின்னாலேயே வந்த வேறொரு பையனிடமும் அதே கேள்வி. அவன் ஒரு கிராமத்துப் பெயரைச் சொன்னதும், எந்தப் பக்கம், எந்தக் கோவிலடி, அப்பா பெயர் என்ன என்று அடுத்தடுத்து வந்தன. ஊரைக் கேட்கிற மாதிரி இன்னும் நாலைந்து விஷயத்தைக் கேட்கிற கேள்வி அது. நம் ஊரிலும் “நீங்க எந்தப் பக்கம்?” என்று ஆரம்பிப்பார்கள் இல்லையா, அதேதான். எனக்கு அந்தப் பக்கம் பொருந்தாததால் கேள்வி ஒரே வரியில் நின்றுவிட்டது.

ரயிலில் வரும்போதே எழுதி வைத்தேன். இந்த முறை ஷ்பிரெக்ஷ்டுண்டில் பெயர் கொடுத்துப் போனேன். அரைப் பக்கக் குறிப்பைப் படித்த பேராசிரியர், கோவிலின் வரலாறு, புலம்பெயர்வுக் கோட்பாடு என்று நான் போட்டிருந்த மூன்று அத்தியாயங்களை அடித்துவிட்டு, அந்த அம்மா கேட்டதிலிருந்தே தொடங்கச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்ரீபுரத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் செய்த ஆய்வை நீங்களும் பி.ஏ.வில் தொட்டிருப்பீர்கள். நான் அதைப் பரீட்சைக்குப் படித்தவன். ஒரு தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதிலிருந்து அவர் எப்படிப் பேச ஆரம்பிக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கட்டுரைக்கு 1.7.

கோட்பாடு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வருவது, சமூகவியல் கோட்பாட்டில் பெரிய பெயரான நிக்லாஸ் லூமன் வேலை பார்த்த இடம். மற்றப் பல்கலைகளில் சமூகவியல் ஏதோ ஒரு புலத்துக்குள் (ஃபேகல்டி) ஒரு துறை, இங்கே அது தனிப் புலம். 1969-ல் பல்கலை திறந்தபோது, உங்கள் ஆய்வுத் திட்டம் என்ன என்று கேட்டதற்கு, ‘சமூகம் பற்றிய கோட்பாடு, காலம் 30 வருடம், செலவு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தவர் அவர். சொன்னபடியே 1997-ல் புத்தகத்தை முடித்தார். அவர் எழுத்து ஜெர்மன்காரர்களுக்கே கஷ்டம், அதனால் புரியாதபோது உங்கள் சி1-ஐக் குறை சொல்லாதீர்கள்.

பணம்: பீலஃபெல்ட் இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும். அதிலேயே ரயில், டிராம் பயணமும் அடங்கிவிடும். விசாவுக்காக, முன்கூட்டியே பணம் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கிற முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 வீதம் எடுக்கலாம். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. தட்டுக் கழுவப் போவதற்கு முன் ‘ஹிவி’ வேலைக்கு, அதாவது பேராசிரியருக்கு உதவியாளராக, விண்ணப்பித்துப் பாருங்கள். அதற்கும் அவர் உங்கள் முகத்தை அறிந்திருக்க வேண்டும், பழையபடி ஷ்பிரெக்ஷ்டுண்ட்தான்.

வேலை விஷயத்தில் நேராகச் சொல்கிறேன். ‘சமூகவியலாளர் தேவை’ என்று விளம்பரம் அநேகமாக வராது. என்னோடு படித்தவர்கள் நகராட்சியிலும், சந்தை ஆய்விலும், நிறுவனங்களின் பணியாளர் பிரிவிலும் இருக்கிறார்கள். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது கோட்பாடு இல்லை, புள்ளியியல் வகுப்பும், அதற்குப் பயன்படும் ‘ஆர்’ (R) மென்பொருளும்தான். கணக்கு பிடிக்காது என்றுதானே சமூகவியலுக்கு வந்தோம், ஆனாலும் அந்த வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். படித்து முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

ஊரிலிருந்து புத்தகங்கள் கொண்டுவரவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், நான் படித்தபோது நூலகம் இரவு ஒரு மணி வரை திறந்திருந்தது, தேடியதெல்லாம் இருந்தது. ஆனால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டைப் பற்றி பி.ஏ.வில் ஒரு ப்ராஜெக்ட் செய்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பைண்ட் செய்த பிரதி எதற்கும் உதவாது. கமிஷன் கடையில் நின்று கிறுக்கிய நோட்டு இருக்குமே, அதைத் தேடி எடுத்துப் பெட்டியில் வையுங்கள்.