காய்ச்சல் என்று சொல்லித் தவிர்த்த நேர்காணல்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தேன். பி.காம். முடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம் சென்னை நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. டிக்கெட் எடுத்த பிறகு, காய்ச்சல் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்றிலிருந்து, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. கேட்பவர்களிடம் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி வருகிறேன். ஆனால் புத்தகத்தைத் திறந்து பல வாரங்கள் ஆகின்றன. இந்தப் பயம் போன பிறகு வேலைக்கு முயலலாமா? அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உசிலம்பட்டி

பதில்: அன்பு மகளுக்கு, பயம் போன பிறகு முயல்வது என்று நீங்கள் முடிவு செய்தால், அந்த நாள் வரவே வராது. ரயில் புறப்படும் நேரம் கடந்ததும் உங்களுக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்திருக்கும். அதை நீங்கள் எழுதவில்லை என்றாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. அந்த நிம்மதிதான் இதில் வினையே. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் அதிலிருந்து பாடம் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் நேர்காணலில் தொடங்கிய அச்சம் ஒரே மாதத்தில் தொலைபேசி மணிவரை வந்து நிற்கிறது. மனநல மருத்துவத்தில் இத்தகைய அச்சத்துக்குச் செய்யும் சிகிச்சையிலும், அஞ்சும் சூழலை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வார்களே தவிர, முதலில் அச்சத்தை அகற்றிவிட்டுப் பிறகு வெளியே அனுப்புவதில்லை.

நான் 1984இல் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதல் வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கென்று எழுதிச் சென்ற குறிப்பு பன்னிரண்டே நிமிடத்தில் தீர்ந்துபோனது. என்ன செய்வதென்று தெரியாமல் வருகைப் பதிவேட்டை எடுத்து இரண்டாம் முறையாகப் பெயர்களை வாசித்தேன். கையிலிருந்த சாக்குக்கட்டி வியர்வையில் பிசுபிசுத்துவிட்டது. அந்த அவமானம் பல ஆண்டுகள் என்னை உறுத்தியது. பின்னாளில் அந்த வகுப்பில் இருந்த மாணவி ஒருத்தியைச் சந்தித்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அன்று மின்விசிறி ஓடவில்லை என்பது மட்டுமே அவளுக்கு நினைவிருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வொன்று இதையே காட்டுகிறது. ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட, அணியவே கூச்சம் தரும் சட்டையுடன் ஒவ்வொரு முறையும் ஒரு மாணவரை மற்றவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்பங்கினரே. உங்கள் ஆங்கிலத்தில் வரக்கூடிய பிழையையும் அப்படித்தான் நீங்கள் பெருக்கிப் பார்க்கிறீர்கள்.

ஆகவே சென்னையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மதுரையில் உள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் நான்கைந்தின் முகவரியைக் குறித்துக்கொண்டு, காலைப் பேருந்தில் ஆரப்பாளையம் வந்து இறங்கி, ஒவ்வொன்றுக்கும் நேரில் செல்லுங்கள். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கடைசி நாட்கள் என்பதால், அந்த நாட்களை ஒட்டிப் போனால் அங்கே யாரும் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். மாதக் கடைசியில் போங்கள். “பி.காம். முடித்திருக்கிறேன், வவுச்சர் பதிவு முதல் எந்த வேலையானாலும் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்” என்று தமிழில் சொன்னால் போதும். இரண்டு இடங்களில் ஆள் தேவையில்லை என்று சொல்வார்கள், ஓரிடத்தில் காக்க வைத்தே அனுப்புவார்கள். வேலை கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் நான் உங்களை அனுப்புவது, மறுப்பைக் கேட்டுவிட்டு அதே பேருந்தில் வீடு திரும்ப முடியும் என்பதை உங்கள் உடம்பு அறிந்துகொள்வதற்காக. வாசலில் நிற்கும்போது இதயம் படபடக்கும், நாக்கு உலரும். அட்ரினலின் சுரப்பதால் வரும் இந்தக் கூத்து சற்று நேரத்தில் தானே தணியும். அது தணியும்வரை திரும்பிப் போகாமல் நிற்பதுதான் இதில் உங்கள் வேலை.

குரூப் 4 பற்றி ஒரு சொல். அதற்கு உண்மையாகவே படிப்பதானால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன என்பது தமிழ் வழியில் படித்த உங்களுக்குச் சாதகம். ஆனால் இன்று அந்தத் தேர்வு உங்களுக்கு ஒரு போர்வை. மதுரை புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் சென்று, அங்கே உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால், படிப்பதாக ஊருக்குச் சொல்வதை நிறுத்திவிடுங்கள்.

இரவில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்ற நிலை இருந்தால், மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். அரசு நடத்தும் அந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் வெறுங்கையுடன் சொல்லாதீர்கள். முதல் அலுவலகத்துக்குப் போய் வந்த அன்று மாலை, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். வீணான டிக்கெட் பணத்துக்காக இரண்டு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் போகவிருக்கும் அலுவலகத்தின் முகவரியையும் அவரிடம் காட்டிவையுங்கள்; மறுநாள் காலை காய்ச்சல் வராமலிருக்க அது உதவும்.